ஒவ்வொரு தடவையும் வேறொரு வரியில்

கல்லூரியில் மாணவர்கள் அவளை லேப் அக்கா என்பார்கள். கம்ப்யூட்டர் லேபில் பதினோரு வருஷமாக உதவியாளர். பாஸ்வேர்டை மறந்தவர்களும் கீபோர்டில் தண்ணீரைக் கொட்டியவர்களும் முழித்துக்கொண்டு வந்து நிற்பது அவள் மேஜை முன்னால்தான்.

கணவர் டாக்சி ஓட்டியவர். சரியான வாயாடி. நரம்பு நோய் வந்து இரண்டே வருஷத்தில் காலும் கையும் நாக்கும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. மிச்சம் வலது கட்டைவிரல் ஒன்றுதான். அவருடைய சிநேகிதரான டிவி மெக்கானிக் அந்த விரலுக்கென்றே ஒரு பட்டன் செய்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டி, அதற்கு ஒரு மென்பொருளும் எழுதிக் கொடுத்தார். திரையில் எழுத்துகள் ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது அழுத்தினால் நிற்கும். சொல் சேர்ந்ததும் மெஷின் வாசிக்கும். தகரத்தைத் தட்டுகிற மாதிரிக் குரல். இருந்தாலும் அது அவர் பேச்சு.

ஒரு சனிக்கிழமை காலை அந்த மெஷினின் டிஸ்க் செத்துப்போனது. மெக்கானிக் போன வருஷமே காலமாகிவிட்டார். அவர் எழுதிய மூல நிரல் மட்டும் ஒரு பென் டிரைவில் இருந்தது.

அதற்கு முந்தின நாள்தான் டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "மூச்சு குறைஞ்சுட்டே வருது. கழுத்துல துளை போட்டுக் குழாய் வைக்கணும். வேணுமா வேண்டாமான்னு அவரே யோசிச்சுச் சொல்லட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வரேன்."

எழுத்து அட்டையைக் காட்டி, வேண்டிய எழுத்து வரும்போது இமையைச் சிமிட்டச் சொல்லிப் பார்த்தாள். இமையும் தளர்ந்திருந்தது. சிமிட்டினாரா, தானாக மூடியதா என்றே தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத்து. அதிலும் ஒன்று சந்தேகம்.

புது கம்ப்யூட்டரில் அந்தப் பட்டனைச் சொருக இடமே இல்லை. மெக்கானிக்கின் மென்பொருள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்தான்; ரெடிமேடாகக் கிடைக்கும் லினக்ஸ் எதுவும் அந்தக் கிழட்டு மெஷினில் ஏறவில்லை. கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது. மூல நிரல்களை இறக்கி, அந்த மெஷினுக்கென்றே லினக்ஸைத் தானே கட்டி எழுப்புவது. லீவு போட்டாள். கல்லூரி அலமாரியில் கிடந்த ஒரு டிஸ்க்கைக் கேட்டு வாங்கி மாட்டினாள். பழைய சிடி ஒன்றால் மெஷினைக் கிளப்பி, வழிகாட்டியைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் கம்பைலரைக் கட்ட வேண்டும். நிரலை மெஷின் ஓட்டுகிற பக்குவத்துக்கு மாற்றித் தருவது அதுதான். அது இல்லாமல் அடுத்த படி கிடையாது. ஞாயிறன்று வந்த பிழைகள் அவளுடைய தப்பு. ஒரு ஃபோல்டர் பெயரில் எழுத்து விட்டுப்போயிருந்தது. கடைசி வரியைப் பார்த்துப் பதறாமல் மேலே போய் முதல் பிழையைத் தேடினாள். சரிசெய்தாள். திங்களன்று இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, 'கம்பைலரின் உள்ளேயே பிழை' என்று நின்றது. மறுபடி ஓட்டினாள். மறுபடி அதே வாசகம். நிரலைப் புதிதாக இறக்கினாள், ஆணைகளை மாற்றினாள், மாற்றியதை அழித்தாள். இணையத்தில் கேட்டதற்கு ஒருவர், "அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்க" என்று பதில் எழுதினார்.

பக்கத்து அறையில் அவருடைய மூச்சு இழுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது.

உதவிக்கு வந்திருந்த அவருடைய அக்கா செவ்வாய்க்கிழமை மாலை வாசற்படியில் நின்றாள். "ஏம்மா, அவன் பக்கத்துல உக்கார வேண்டிய நேரத்துல இந்தப் பெட்டியோட மல்லுக்கட்டிட்டு இருக்கே. அவன் பட்டது போதும். குழாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"அவர் சொல்லட்டும் அண்ணி."

"எப்படிச் சொல்வான்?"

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அண்ணி சொல்வதுதான் சரியோ என்று அன்றைக்கு முதல் முறையாகத் தோன்றியது. தலையாட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கையே ஓடவில்லை. எந்தெந்த இடத்தில் நின்றது என்று நோட்டில் குறித்து வைத்திருந்ததை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு தடவை. ஏழும் வேறு வேறு ஃபைல், வேறு வேறு வரி.

எதையுமே மாற்றாமல் அப்படியே திரும்ப ஓட்டிய தடவையும், முன்னால் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் வேறெங்கோ நின்றிருக்கிறது. நிரலில் தப்பிருந்தால் அதே இடத்தில் அல்லவா முட்டிக்கொள்ள வேண்டும்? இரண்டு நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாளே, கோளாறு தன்னிடமில்லை. இப்படி இடம் மாறி மாறி நிற்க வைப்பது மெஷினின் நினைவகமான ரேம்தான்; அதுதான் பழுதாகியிருக்க வேண்டும்.

புதன் காலை மூடியைக் கழற்றினாள். இரண்டு ரேம் பட்டைகள். ஒன்றை உருவிவிட்டு ஓட்டினாள். பத்தே நிமிஷத்தில் நின்றது. மெஷினில் இருந்ததை எடுத்துவிட்டு, உருவியதைச் சொருகினாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. பாதி நினைவகம், ஆமை வேகம். ஆனால் கம்பைலர் கடைசிவரை நிற்காமல் கட்டி முடிந்தது. அவள் சந்தோஷப்படவில்லை. மணியைப் பார்த்தாள். இன்னும் லினக்ஸின் மையமான கெர்னல், ஒலி, குரல், அதற்கும் மேலே மெக்கானிக்கின் நிரல். அதில் மட்டும் முப்பத்தெட்டு பிழை வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்த்தாள். வியாழன் முழுக்க அண்ணிதான் தட்டைக் கொண்டுவந்து வைப்பதும், தொடாமல் கிடந்ததை எடுத்துப் போவதுமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தபோது பட்டனைக் கணவர் விரலடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் ஓடின. விரல் இரண்டு முறை தவறியது. பத்து நிமிஷம் கழித்துத் தகரக் குரல் வந்தது.

"குழாய் வைங்க."

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் குனிந்தார். "அப்புறம் மெஷின்தான் உங்களுக்காக மூச்சு விடும். எடுக்கறது கஷ்டம். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"தெரியும்" என்றது குரல். அதற்கு மூன்று நிமிஷம்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை தலையாட்டியிருந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள். பதினாறாம் நாள் ஆம்புலன்ஸில் வீடு திரும்பினார். பட்டனைக் கட்டியதும் விரல் வேலையை ஆரம்பித்தது. அவளும் அண்ணியும் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கால் மணி நேரம் பாடுபட்டு அவர் சொன்னது, ஆம்புலன்ஸ்காரனுக்கு பிரேக் பிடிக்கத் தெரியவில்லை என்று.