நாக்கை நீட்டச் சொன்னவர்

மூன்றாம் வகுப்போடு நின்று ஹட்டனில் மூன்று லொறி வாங்கியவன் நான். தேயிலைக் கொழுந்து ஏற்றப் போகும் தோட்டத்தில் ஒல்லியான மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். இரத்தம் குறைந்த கர்ப்பிணிகளுக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே ஃபோலிக் சத்து மாத்திரை கொடுத்து, விழுங்கியாயிற்றா என்று பார்க்க நாக்கை நீட்டச் சொல்வார். பிள்ளை பெருத்துவிடும் என்று பயந்து, பலர் நாக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பிவிடுவார்கள்.

“என் வீட்டுக்காரி மாத்திரையே இல்லாம நாலு பெத்தா” என்றேன்.

“அந்தக்கா இப்ப எப்படி இருக்காங்க?”

“நாலாவதோட போயிட்டா.”

“இந்தச் சத்து கொறஞ்சா நாக்கு செவந்து புண்ணாகும். கடைசியில அவங்களுக்கு அப்படி இருந்துச்சா, மொதலாளி?”

தேங்காய்ச் சம்பல் நாக்கில் எரிகிறதென்று கடைசி மாதங்களில் அவள் சோற்றைத் தள்ளினாள். ‘ருசி கேக்குதோ’ என்று ஏசினேன். மருத்துவிச்சி அடுத்த பெண்ணிடம் மாத்திரையை நீட்டினார்.

வரிசையில் கடைசியாக நிற்கும் கர்ப்பிணி நாக்கை நீட்டும்வரை இப்போது நான் லொறியை எடுப்பதில்லை.