விரல் நுழையாத யானை

காளவாசலில் எனக்குத் தையல் கடை. கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பழைய மிஷினோடு வந்தவள், யார் தயவும் இல்லாமல் கடை பிடித்தேன். ஆளைப் பார்த்தால் போதும், டேப் வைக்காமல் ரவிக்கை அளவு சொல்வேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்காக வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஃபெல்ட் துணியில் விரல் பொம்மை செய்ததும் என் மூளைதான். தொண்ணூறுகளின் கடைசி அது. ஜவுளிக் கடையில் கழிவாகக் கிடந்த துண்டுகளை எடைக்கு வாங்கி வருவேன். அந்தத் துணியை வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் மடிக்க வேண்டாம். இரண்டு துண்டை வெட்டிச் சுற்றித் தைத்து, அடியில் விரல் போக வழி விட்டால் காக்கா, ஆடு, யானை எல்லாம் வந்துவிடும். பிள்ளைகள் வாயில் வைக்கும் என்று கண்ணுக்கு மணி வைக்க மாட்டேன். கறுப்பு நூலில் முடிச்சுத்தான்.

வெட்டுவது நான். தைப்பது என் கூட்டாளி. பக்கத்து வீடு, பி.ஏ. படித்தவள், கை அவ்வளவு சுத்தம். என்னை அக்கா என்பாள், என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவாள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அவளும் அவள் அம்மாவும் எட்டு வருடமாகக் கடையில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டுக் கேட்டே அந்த மொழி எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. அதை மட்டும் நான் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. ஒட்டுக் கேட்டதாக நினைப்பாளே என்ற கூச்சம்.

ஒரு நர்சரிப் பள்ளியில் கைவேலை டீச்சர் வேண்டும் என்றார்கள். ஆடு மேய்க்க மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். என்னைப் பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிட வேண்டும். அந்த ஆசையில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கூட்டாளிதான் அழைத்துப் போனாள். பெரிய டீச்சரும் அவர்கள் மொழிக்காரர். என் யானையை விரலில் மாட்டி ஆட்டிப் பார்த்தார்.

"அருமையா இருக்கே, யாரு செஞ்சது?"

"நாந்தான் டீச்சர். எம்புட்டுப் புள்ளைக வந்தாலும் ஒத்தையாச் சமாளிப்பேன்," என்றேன்.

கூட்டாளி சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பி, அவர்கள் மொழியில் பேசினாள். இவள் மூன்றாம் வகுப்பு, பெற்றோர் கேட்டால் பள்ளிக்குத்தான் அசிங்கம். நானே வருகிறேன். வெட்டுகிற வேலையை இவளிடம் வாங்கிக்கொள்ளலாம். வாய் ஜாஸ்தி, ஆனால் சொன்னதைச் செய்வாள்.

ஒரு சொல் விடாமல் புரிந்தது. இன்னொரு யானையின் தும்பிக்கையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்புக்காரிக்கு இன்னொரு மொழி ஏறும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "டிகிரி இருந்தாத்தான் எடுப்பாங்களாம்க்கா. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். கடைசில என்னய வரச் சொல்லிட்டாங்க. அந்த அட்டைகளக் குடுங்கக்கா, புள்ளைகளுக்கு வெட்டிக் காட்டணும்."

ஒவ்வொரு பொம்மைக்கும் நான் அட்டையில் மாதிரி வெட்டி வைத்திருந்தேன். "எடுத்துட்டுப் போ தாயி," என்றேன்.

ஆனால் நான் அட்டையை ஒட்டி வெட்டுவதில்லை. தையலுக்கு இடம் விட்டு, அரை விரல் வெளியே தள்ளித்தான் என் கத்தரி போகும். அந்த அளவு அட்டையில் இல்லை, என் கண்ணில் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

பத்து நாளில் ஒரு பை நிறைய யானையோடு வந்து நின்றாள். "ஒரு புள்ளைக்கும் விரல் நுழையலக்கா. எல்லாம் அழுகுதுக. அட்டையில என்னமோ தப்பு."

அவள் மொழியிலேயே, திக்கித் திக்கிச் சொன்னேன்: அட்டையில் தப்பில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி, ஆனால் சொன்னதைச் செய்வேன். நீ என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"எப்பருந்துக்கா உங்களுக்கு எங்க பேச்சு தெரியும்?" என்றாள். கேட்டது அது ஒன்றுதான்.

பையை வாங்கி வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் அழுதது என்னால். புதிதாக வெட்டி, நானே தைத்து, பெரிய டீச்சர் கையில் நேராகக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வகுப்புக்குள் பிள்ளைகள் அவளை டீச்சர், டீச்சர் என்று கூப்பிடுவது வாசல்வரை கேட்டது.