பரிமளம் அக்காவின் கறள் பிடிக்காத துவக்கு

என் மூத்த பேரன் இங்கே சுவிஸில், பேர்ணில் பொறியியல் படித்து முடித்துவிட்டான். அவனுக்கு அடுத்தவள் தாதிக்குப் படிக்கிறாள், இந்த வருடம் வகுப்பில் முதலாவதாக வந்தாள். மூன்றாமவன் எங்கடினில் மலை ரயில் ஓட்டப் பழகுகிறான். கடைக்குட்டிக்கு பேர்ண் கோயிலில் தேவாரம் பாடி முதற்பரிசு கிடைத்தது. இந்தப் பட்டியலை ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குப் பரிமளம் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லுவேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஓம், உன்ர பிள்ளையள் கெட்டிக்காரர். இனி வேறை ஏதும் கதை" என்பார்.

போன ஞாயிறும் எடுத்தவுடன் தொடங்கிவிட்டேன். தேவாரப் பரிசுக்கு வந்தபோதுதான் மறுமுனையில் அழுகை கேட்டது.

"அன்ரி, நான் சுகந்தி. அம்மா நேற்றுப் பின்னேரம் போயிட்டா. இருதயம்."

துன்னில் அந்த ஹோட்டல் சலவைக்கூடத்தில் எங்களோடு நின்றவர்களுக்கும், கோயிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரைத் 'துவக்கு அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் பலர். ஒரு முறை நானும் சேர்ந்து சிரித்தேன். நடந்ததை நேரே அறிந்தவள் நான். அதில் என் பிழையும் இருக்கிறது.

சலவைக்கூடத்தில் அக்காவின் கண்ணுக்குத் தப்பிய கறை இல்லை. வைன் கறை, இரத்தக் கறை, இரும்புத் துரு பட்ட கறள் கறை எல்லாவற்றையும் தூரத்தில் வரும்போதே பிரித்துவிடுவார். புதிதாக வந்த என்னைப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: "இரத்தம் பச்சைத் தண்ணியிலை போயிடும். கறள் போகாது. கறள் பட்ட விரிப்பை ஒளிக்காதை, எனக்குக் காட்டு." அன்றைக்கு அதை வேலைப் பாடம் என்றுதான் எடுத்தேன்.

ஊரில் அவருடைய கணவரைச் சுட்டது அவர் கண் முன்னால்தான். துவக்குகளோடு சிலர் கதவை உதைத்து உள்ளே வந்தார்கள். அக்கா அடுப்படியில் கறி கிண்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கணவர் விழுந்த பிறகும் அதே அகப்பையைப் பிடித்தபடி நின்றாராம். குழம்பு கொதித்து வழிந்து அடுப்பு அணைந்ததாம். நாற்பது வருடத்தில் இதை என்னிடம் இரண்டு தரம்தான் சொன்னார். இரண்டு தரமும் ஒரே வசனத்தில் முடித்தார்: "ஒரு நாள் அகப்பையோடை நிண்டனான். இனி நிக்க மாட்டன்."

அவருடைய ஒரே மகள் சுகந்தி கட்டியவன் கை நீட்டுகிறவன். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் தாடை எலும்பு உடைந்து, கம்பி போட்டுக் கட்டிய வாயோடு, குழந்தை ஆரணியைத் தூக்கிக்கொண்டு தாயின் வீட்டுக்கு வந்தாள். துன் நகரத்துக்கு வெளியே, ஏரிக்கரையில், பக்கத்து வீடு தள்ளியிருக்கும் பழைய வீடு அது. அவன் கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்தது. அவன் தொலைபேசியில், "கடுதாசியாலை கதவை மூடுவியளோ?" என்று கேட்டான். பொலிசு அந்த வீட்டுக்கு வந்து சேர இருபது நிமிடம் செல்லும். அக்கா மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கெடுத்து வைத்திருந்தார்.

இங்கே இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் துவக்கு வாங்க முடியாது. அக்காவிடம் சுவிஸ் நாட்டின் சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தது. அனுமதி கேட்கும் படிவத்தில், எதற்காக என்ற கேள்விக்கு நேரே அவருக்குத் தெரிந்த டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் மொழியில், ஒரே ஒரு சொல் எழுதினார்: கதவு. பொலிசார் வீட்டுக்கு வந்து விளக்கம் கேட்டார்கள். சுகந்தியின் தாடையைக் காட்டினார். அனுமதி வந்தது.

கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் வயதான சுவிஸ்காரர், எங்களுக்காக மெல்ல மெல்லப் பேசினார். முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள, அடுத்த தோட்டா ஏறும் பம்ப் துவக்கு. மூன்றைக் கண்ணாடி மேசையில் வைத்தார். அக்கா கைலேஞ்சியை எச்சில் தொட்டு நனைத்து ஒவ்வொரு குழலிலும் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சலவைக்கூடத்தில் விரிப்பைப் பார்க்கிற அதே பார்வை.

ஏரிக்கரை வீடு என்றதும் கடைக்காரர் கறுப்பு இரும்பைத் தள்ளி வைத்து, ஈரத்தில் கறள் பிடிக்காதபடி நிக்கல் பூசிய வெள்ளைத் துவக்கை முன்னே நகர்த்தினார். விலையைக் கேட்டதும் அக்கா அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினார்.

"முப்பது வருசம் நீராவிக்குள்ளை நிண்டவள் நான். கறளை எனக்குத் தெரியும். வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் போட்டால் சரி" என்று கறுப்பையே வாங்கினார்.

சொன்னபடி எண்ணெய் போட்டார். துவக்கு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டித் திறப்பு, ஒரு காலத்தில் தாலி தொங்கிய சங்கிலியில் கழுத்தில் இருந்தது.

நவராத்திரிக்கு நான் அவர் வீட்டில் போய் நின்றேன். ஆயுத பூசைக்கு தையல் மெசின், இஸ்திரிப் பெட்டி, சமையல் கத்தி எல்லாம் வைத்தோம்.

"ஆயுத பூசைக்கு ஆயுதம் இல்லாமல் என்ன பூசை, அக்கா?" என்று கேட்டது நான்தான்.

அவர் தோட்டாக்களைக் கழற்றிவிட்டு எடுத்து வைத்தார். நான் குழலுக்கும் கட்டைக்கும் சந்தனம் அப்பி, குங்குமம் தொட்ட தேசிக்காய்ப் பாதியை அழுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தேங்காய் உடைத்தபோது இளநீரும் தெறித்தது. பிறகு ஈரப் பட்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன்.

"சந்தனத்தைத் துடைச்சுப்போடாதேங்கோ. தானாய் உதிருமட்டும் அம்மாளாச்சி அதிலை இருப்பா."

கறையைக் கண்டால் துடைக்காமல் விடாத மனுசி, என் சொல்லுக்காக ஆறு வெள்ளிக்கிழமை அந்தத் துவக்கைத் தொடவில்லை.

ஏழாவது கிழமை, மழையும் பனியும் கலந்து பெய்த ஒரு பின்னேரம், அவன் கோடாலியோடு வந்தான். குழந்தை பாலர் வகுப்பில் இருந்தது. கதவின் நடுப்பலகை பிளக்கும் சத்தத்தில் அக்கா பெட்டியைத் திறந்து, தோட்டா போட்டு, முன்கட்டையை இழுத்தார். அது அசையவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தார். அசையவில்லை. அவன் உள்ளே வந்து சுகந்தியின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அக்கா துவக்கைத் திருப்பி உலக்கைபோலப் பிடித்து அவன் வாயில் இடித்தார். பற்கள் உதிர்ந்து நிலத்தில் சிதறின. அவன் கோடாலியின் பின்பக்கத்தால் அவருடைய இடக்கையில் அடித்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அந்தக் கையோடும் அவன் முழங்காலை இடித்து விழுத்தி, கழுத்தில் ஏறி இருந்தார். சுகந்தி கூப்பிட்ட பொலிசு வந்து தூக்கும்வரை எழும்பவில்லை. இருபது நிமிடம்.

ஆசுப்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நான் அழுதேன். பிறகு, என் மனதை ஆற்றுவதற்காக, சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"உங்களைக் கொலைகாரி ஆக்கக்கூடாது எண்டுதான் அம்மாளாச்சி அதை இறுக்கிப் பிடிச்சவ, அக்கா."

அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அம்மாளாச்சி இல்லையடி. கறள். நீ பூசின தேசிக்காயும் சந்தனமும். பொலிசு கழட்டிக் காட்டினவங்கள், உள்ளுக்கு மஞ்சளாய்க் கட்டிபட்டுக் கிடந்தது. நான் இன்னும் ஒருக்கால் அந்தக் கட்டையை இழுத்துக்கொண்டு நிண்டிருந்தால் என்ர பிள்ளையின்ர மண்டை உடைஞ்சிருக்கும். அதுக்கும் அம்மாளாச்சியைச் சாட்டுவியோ?"

ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் அவரே எடுத்தார். "அவன் சிறையாலை வெளியிலை வரப்போறான். நாட்டை விட்டு அனுப்ப முன்னம் எத்தினை நாள் வெளியிலை நிப்பானோ தெரியாது. பொலிசு புதுசுக்கு அனுமதி தந்திட்டுது. நாளைக்குக் கடைக்குப் போறன். நீயும் வா. நீ பூசை செய்தாலும் கறள் பிடிக்காத துவக்கு வேணும்."

அந்தச் சொல்லோடுதான் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

கடைக்காரரிடம் அக்கா, "நிக்ஸ் றோஸ்ட், நிக்ஸ் தொயர்" என்றார். கறளும் வேண்டாம், விலையும் கூடாது. கடைக்காரர் சிரிக்கவில்லை. கோணலாகப் பொருந்தியிருந்த கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஏரியில் படகு வைத்திருந்த ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய துவக்கைக் கொண்டுவந்தார். வெள்ளை நிக்கல் பூச்சு, மரத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டை. மேலே கீறல் இருந்ததால் விலை பாதி. கீறல் பூச்சைத் தாண்டி இரும்புக்குப் போகவில்லை என்று நகத்தால் தடவிக் காட்டினார். பூச்சு வெளியே மட்டும்தான், உள்ளே இருக்கும் சுருளும் ஆணியும் சாதாரண இரும்பு, ஆகவே எண்ணெயை விடக்கூடாது என்றும் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியோ? வெளியிலை மினுங்கினாலும் உள்ளுக்குத் துடைக்க வேணுமாம். அம்மாளாச்சி எண்டு சந்தனம் பூசின உன்ர வாய் மாதிரி."

கோணல் கையால் கட்டையை இழுக்கப் பழகச் சனிக்கிழமைகளில் சுடுகளத்துக்குப் போனார். தோள் முழுக்க நீலம் பாரித்தது. கோயிலில் நீங்கள் சிரித்தது அந்த நாட்களில்தான்.

சிறையால் வந்த மூன்றாம் நாள், மத்தியானம், அவன் திரும்பவும் கோடாலியோடு வந்தான். புதுக்கதவு அவ்வளவு லேசில் பிளக்கவில்லை. உடைத்து உள்ளே வந்தபோது அக்கா நடுவறையில் துவக்கோடு நின்றார். ஓடிய சுகந்தியின் காலைத் தட்டி விழுத்தி, அவள் மேல் கோடாலியை ஓங்கினான்.

"நில். இது வேலை செய்யும்" என்றார் அக்கா.

அவன் பல்லில்லாத வாயால் சிரித்தான். "கிழவி, உன்ர கட்டை திரும்பவும் இறுகிப்போச்சோ?"

அக்கா இழுத்தார். தள்ளினார். சுட்டார். அவனுடைய வலது தொடைச் சதை பிய்ந்து சுவரில் அடித்தது. இரத்தம் குழாய் உடைந்ததுபோலப் பாய்ந்தது. அவன் விழுந்து தாயைக் கூப்பிட்டுக் கத்தினான்.

"சுகந்தி, விரிப்பு ஒண்டு கொண்டா. பழசு இல்லை, நல்லது." கோடாலியை எட்டி உதைத்துவிட்டு, ஹோட்டல் விரிப்பை முறுக்கிப் பிழிகிற மாதிரி அவன் தொடைக்கு மேலே முறுக்கி, முழங்காலால் அழுத்திக்கொண்டு இருந்தார். இந்த முறையும் இருபது நிமிடம். அவன் உயிர் தப்பியதற்கு அந்த விரிப்புத்தான் காரணம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். விசாரணை முடிந்து அக்கா மேல் குற்றமில்லை என்றார்கள். அவன் ஊன்றுகோலோடு நாடு கடத்தப்பட்டான்.

ஆனால் ஆரணி மேசைக்குக் கீழே இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். ஒரு வருடம் அம்மம்மாவின் மடிக்கு வரவில்லை. அக்கா சோறு ஊட்டக் கையை நீட்டினால் வாயைப் பொத்திக்கொள்வாள். நாங்கள் சிலர், "நல்ல வேலை செய்தியள்" என்று பாராட்டப் போனபோது அக்கா எழுந்து நின்றார். "நான் சுட்டது சரி. ஆனால் நல்லது எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லாதேங்கோ." அன்று அவர் எங்களுக்குத் தேத்தண்ணி தரவில்லை.

சுகந்தி துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டாள். பெட்டிக்குள் இருந்த எண்ணெய்த் துணியை நான் கேட்டு வாங்கி வந்தேன். பழைய ஹோட்டல் விரிப்பில் கிழித்த துண்டு. இந்தக் கிழமை வந்த ஆயுத பூசைக்கு என் தையல் மெசினுக்குப் பூ மட்டும் வைத்தேன், மறுநாளே அந்தத் துணியால் துடைத்தேன். நான் பூசியது என்னோடு இருக்கிறது, அது பச்சைத் தண்ணீரில் போகாது. அதை ஒளிக்காமல் உங்களுக்குக் காட்டிவிட்டேன்.

சுகந்தி, பிள்ளை, ஒரு வேண்டுகோள். மரண அறிவித்தலில் நீ போட்டிருப்பது அவர் இந்த நாட்டுக்கு வந்த காலத்துப் படம். அகப்பையோடு நின்றவளின் கண் அதில் இருக்கிறது. அதை எடுத்துவிடு. போன ஆனி மாதம் உங்கள் வளவில் என் பேத்தி எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். அக்கா கோணல் கையால் வெள்ளை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு, மடிக்க அவரை நோக்கி நடந்து வருகிறாள் ஆரணி. அந்தப் படத்தைப் போடு.