அப்பாவின் மூன்றாவது மோதிரம்

அப்பா அல்சூரில் ஜட்கா ஓட்டினார். இடக்கை மோதிர விரலில் ஒரு வெள்ளி மோதிரமும் அதன்மேல் அகலமான ஒரு செம்பு மோதிரமும் எப்போதும் இருக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பிறகு அங்கேயே உபாத்தியாயினியும் ஆனேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அதே விரலுக்கு மூன்றாவதாக ஒரு தங்க மோதிரம் செய்து போட நினைத்தேன். ஒரு சாயங்காலம் அப்பா குதிரையை அவிழ்த்துக் கட்டியதும் நூல் சுற்றி அளவெடுத்து ஆசாரியிடம் கொடுத்தேன்.

மோதிரம் வந்த அன்று காலையில் நல்ல குளிர். அப்பா அதைப் போட்டுக்கொண்டு கையைத் தொங்கவிட்டார். அது நழுவி வைக்கோலில் விழுந்தது. நாளெல்லாம் கடிவாள வாரைப் பிடித்து வீங்கிய விரலை அளந்திருக்கிறேன்!

“டீச்சரம்மா அளவெடுத்த லட்சணத்தைப் பாரு!” என்று அம்மா சிரித்தாள்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. “குடு நைனா, ஆசாரிகிட்ட சின்னதா பண்ணிட்டு வரேன்.”

“போட்டதைக் கழட்டித் தர்ற ஆளு நானில்ல, கண்ணு.”

இறுக்கமான செம்பு மோதிரத்தை எண்ணெய் தடவிக் கழற்றினார். தங்கத்தை முதலில் நுழைத்து, செம்பை அதற்குக் காவலாக மேலே மாட்டினார். கையை உதறினார். விழவில்லை.

“நடுவுல மாட்டிக்கிட்டா யாரு கண்ணுக்குத் தெரியும்?” என்றேன்.

“என் வாய் எதுக்கு இருக்கு?”

அந்த வாரமே எங்கள் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, “ஜட்காவில் வந்தேன். உன் மோதிரக் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தேன்” என்றார்.