மாமனாரின் சிவப்பு மூடி ஊசி

ஜவ்வு கிழிந்த தோள்பட்டை சீக்கிரம் ஆறும் என்று ஜிம் மாஸ்டர் என் கணவரிடம் பெப்டைட் ஊசிமருந்துக் குப்பியும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் கொடுத்தார்.

"செஞ்ச கம்பெனி பேரே இதுல காணோமுங்க" என்றேன்.

"பத்துக் கோடு போட்டாப் போதும்னு மாஸ்டர் சொன்னாரு" என்று அவர், மாமனாரின் காலி இன்சுலின் ஊசி ஒன்றைப் பிரித்து, குப்பி மருந்தை ஏற்றிப் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் படபடத்து, தலைசுற்றி விழுந்தார்.

மொரப்பூர் டாக்டர் ஊசியைப் பார்த்தார். "மாஸ்டர் ஒரு மில்லிக்கு நூறு கோடு இருக்கற நூறு யூனிட் ஊசிக்குச் சொல்லியிருப்பாருங்க. இந்தச் சிவப்பு மூடி நாப்பது யூனிட், ஒரு மில்லிக்கு நாப்பது கோடுதான். அதே பத்துக் கோட்டுல ரெண்டரை மடங்கு ஏறிடுச்சு. உள்ள என்ன மருந்தோ!"

கணவர் தேறியதும் மாஸ்டருக்குப் போன் செய்து, "நீங்க இதைப் போட்டுக்கறீங்களா?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

இப்போது டாக்டர் சீட்டில்லாத குப்பியோ மாத்திரையோ எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. மாமனாரின் ஊசிகளைப் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.