அமாவாசையில் பார்த்த நிலம்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷத்துக்கு மேல் டைம் கீப்பராக இருந்தவர் மண்ணாங்கட்டி. பேரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இதையாவது எமன் கண்டுகொள்ளாமல் விடட்டும் என்று பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பேர். எமன் விட்டுவிட்டான், பஸ்காரர்கள் விடவில்லை. தனியார் பஸ்களை நேரத்துக்கு உள்ளே விட்டு, நேரத்துக்கு வெளியே விரட்டுவது அவர் வேலை. கூடக் கொஞ்சம் நின்று ஆள் ஏற்றப் பார்க்கிற டிரைவரிடம் அவர் கத்துவார். பின்னால் நிற்பவன் ஹாரனை அழுத்திப் பிடிப்பான். முன்னால் நிற்பவன் அவர் பேரைச் சொல்லியே திட்டுவான். பொழுது விடிந்தால் இதே கூத்து.

வீடும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே ஒரு சந்தில். சாப்பிடும்போதும் ஹாரன், படுக்கும்போதும் ஹாரன். எண்பத்தொன்பதில் ஊர் மாவட்டத் தலைநகராகிவிட்டது; கேட்க வேண்டுமா! புது ஆபீஸ், புது லாட்ஜ், புது ரூட்டு என்று பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. அதே வருஷம் ஒரே மகள் வள்ளியைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். மகள் போன கையோடு அவர் மனைவி பாஞ்சாலைக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சோறு இறங்கவில்லை. கழுத்தெலும்பு தெரிய இளைத்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் சத்தம் கம்மியா இருக்கிற இடமா இருந்தா நல்லாருக்கும்” என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

டாக்டர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். மண்ணாங்கட்டி பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தால் உடும்புப் பிடி. வேலையை விடுவது, சந்து வீட்டை விற்பது, சத்தமே இல்லாத ஓர் இடத்தில் பாஞ்சாலையைக் கொண்டுபோய் வைத்துத் தேற்றுவது என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றார்கள்? பெண்டாட்டி தேற வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு நினைப்பே கிடையாது. ஆனால் தேற வேண்டியவளை ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா? கேட்கவில்லை. “எல்லாம் உனுக்காகத்தாம்மே” என்றார். அப்படிச் சொன்ன பிறகு அவள் என்னத்தைப் பேசுவாள்?

மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, மலை சுற்றும் பாதையை ஒட்டி, வேடியப்பன் என்பவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையில் ஒரு மூலை விலைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு அமாவாசைதான் நாள். போய்ப் பார்த்தது ஓர் அமாவாசை. பேசி முடித்தது அடுத்த அமாவாசை. அக்ரிமெண்ட் போட்டதும் அமாவாசைதான். எப்போது போனாலும் பாதையில் ஒரு மாட்டு வண்டி, வெயிலுக்கு ஒதுங்கின ஒரு சாமியார், அவ்வளவுதான். “ஈ காக்கா இல்ல, இதான் எடம்” என்று சந்து முழுக்கச் சொல்லி மார்தட்டிக்கொண்டார்.

ஒரே ஒரு பௌர்ணமிக்கு அங்கே போய் நின்றிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். எப்படிப் போவார்? பௌர்ணமி அன்றுதான் பஸ் ஸ்டாண்டில் அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. மலை சுற்ற வருகிற ஜனத்தை இறக்கிவிட்டு பஸ்ஸைத் திருப்பி அனுப்புவதிலேயே பொழுது போய்விடும். இறங்கின கூட்டம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று ஒரு நாளும் அவர் கவனித்ததில்லை. அட, வருஷக்கணக்காகக் கூட்டத்தை இறக்கிவிட்ட ஆளே அந்தக் கூட்டம் நடக்கிற வழியில் வீட்டைக் கட்டிக்கொண்டார் ஐயா! இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

தொண்ணூறில் குடி போனார்கள். ஆரம்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது பௌர்ணமிக்கு நடக்கிறவர்கள், பின்னால் வந்த கூட்டத்தைப் பார்க்க, கம்மிதான்; அதுவும் ஒரு ராத்திரியோடு சரி. சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள், போய்விடுவார்கள். மற்ற நாளில் வேடியப்பன் வீட்டு மாடு கத்தினால்தான் உண்டு. அந்த மாட்டையும் தள்ளிக் கட்டச் சொன்னார் மண்ணாங்கட்டி. வீட்டில் ரேடியோ கூடாது. பாஞ்சாலை அம்மியில் மிளகாய் அரைத்தால்கூட, “மெதுவாம்மே, மெதுவா” என்பார். வேடியப்பன் மனைவி கஸ்தூரி பேச வந்தால் வாசலிலேயே மறித்து, “அவளுக்கு ரெஸ்ட் வேணும்மா, அப்பறம் வா” என்று திருப்பி அனுப்புவார். கொஞ்ச நாளில் கஸ்தூரி வருவதை நிறுத்திக்கொண்டாள்.

தினம் காலையில் முதல் வேலையாக, “நல்லா தூங்குனியா?” என்று கேட்பார்.

“தூங்குனேங்க” என்பாள் பாஞ்சாலை.

அதைக் கேட்டால்தான் அவருக்குக் காபி இறங்கும். அவள் உடம்பு மட்டும் தேறுகிற வழியாக இல்லை. தூக்கம் வந்துவிட்டது, மற்றதும் போகப் போக வரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஐந்தில் பௌர்ணமிக் கூட்டம் எங்கிருந்துதான் கிளம்பிற்றோ! மெட்ராஸிலிருந்து ஸ்பெஷல் பஸ், வேலூரிலிருந்து ஸ்பெஷல் பஸ். பாதை கொள்ளாமல் ஜனம். டியூப் லைட், மைக் செட், அன்னதானப் பந்தல், பொம்மைக் கடை, பஜ்ஜிக் கடை. வேடியப்பன் மல்லாட்டையை விட்டுவிட்டு இளநீர் வெட்டினார். விடிந்தால் வாசல் முழுக்க எச்சில் இலை. மண்ணாங்கட்டி கொதித்துப் போனார். தலை உயரத்துக்கு மதில் எழுப்பினார். மைக் செட்காரனிடம் கைகலப்பு வரை போனார். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார், “சாமி காரியம்ங்க, நாங்க இன்னா பண்றது?” என்று அங்கே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்படி ஒரு பௌர்ணமிச் சாயங்காலம், அவர் மைக் செட்காரனோடு மல்லுக்கு நிற்கப் போன நேரத்தில், கைக்குழந்தையோடு ஒருத்தி வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். பாஞ்சாலை சொம்பை நீட்டிவிட்டு, “எந்த ஊரும்மா?” என்றாள். “கீழ்பென்னாத்தூர் பக்கங்க” என்றாள் வந்தவள். அவ்வளவுதான், இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்கு பாஞ்சாலை ஒரு குடம் தண்ணீரை மதிலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். அதற்கடுத்து கஸ்தூரியோடு சேர்ந்து சுக்கு காபி போட்டாள். மண்ணாங்கட்டி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். “உடம்பு இன்னாத்துக்கு ஆவும்? உனுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?” என்று கத்தினார். பாஞ்சாலை எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொன்னதைக் கேட்கவும் இல்லை. பௌர்ணமி வந்தால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு வருஷத்தில் அது சின்னக் கடையாகி, பௌர்ணமிக்கு மட்டும் இருந்தது சனி, ஞாயிறுக்கும் வந்தது. அவள் கன்னத்தில் கொஞ்சம் பளபளப்பு ஏறியிருந்ததை ஊரே பார்த்தது, அவர் பார்க்கவில்லை. அவர் கணக்கெல்லாம் வேறு. சத்தம் ஜாஸ்தியானால் இவள் படுத்துவிடுவாள், இன்றைக்கோ நாளைக்கோ படுத்துவிடுவாள் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தார். தொண்ணூற்று ஒன்பதில், பரமனந்தலைத் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் போகிற ஓர் ஊரில் இடம் பார்த்துவிட்டார். இந்தத் தடவை அமாவாசைக்கும் போனார், பௌர்ணமிக்கும் போனார். படித்த பாடம்! அடி அண்ணாமலை வீட்டை லாட்ஜ் கட்டப் போகிற மெட்ராஸ் பார்ட்டிக்குப் பேசி முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். பாஞ்சாலையைக் கேட்டாரா? மறுபடியும் இல்லை.

பௌர்ணமி முடிந்த காலையில், சந்தோஷமாகச் சேதி சொல்ல அவள் கடைக்குப் போனார். கூட்டம் இன்னும் ஓயவில்லை. பக்கத்துப் பந்தலில் மைக் அலறிக்கொண்டிருந்தது. அன்னதான அண்டாவை யாரோ தரதரவென்று இழுத்தார்கள். வேடியப்பன் யாரிடமோ சில்லறைக்குக் கத்திக்கொண்டிருந்தார். அதற்கெல்லாம் நடுவில், அடுப்புக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள் பாஞ்சாலை.

மயக்கம் போட்டுவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தார். பதறிப் போய் உலுக்கினார். அவள் கண்ணைத் திறந்து, “இன்னாங்க, நல்ல தூக்கத்துல எழுப்பிட்டீங்க?” என்று சலித்துக்கொண்டாள்.

“எழுந்திரும்மே. இந்த எழவு சத்தமே வாணாம். வேற எடம் பாத்துட்டேன். மலை அடிவாரம். இந்த வூட்டயும் வித்தாச்சு. அங்க வந்து பாரு, நிம்மதியா தூங்கலாம்.”

பாஞ்சாலை எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இங்க வந்ததுலருந்து அந்த வூட்டுக்குள்ள நான் ஒரு நாளும் தூங்கல” என்றாள்.

“இன்னா சொல்ற? தினம் கேட்டேனே? தூங்குனேன்னு சொன்னியே?”

“சொன்னேன். வேலைய வுட்டீங்க, வூட்ட வித்தீங்க, எல்லாம் உனுக்காகன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. தூங்கலன்னு எந்த வாயால சொல்றது? கண்ண மூடிக்கினு படுத்திருப்பேன். நீங்க நடுவுல எழுந்து பாப்பீங்க. அதுக்காவ மூச்சக்கூட சீராத்தான் வுடுவேன்.”

அவள் விடவில்லை. எத்தனை வருஷத்துப் பேச்சு!

“சந்துல இருந்தப்போ காலையில மொத பஸ்ஸு கிளம்பும். கண்டக்டர் ‘கீழ்பென்னாத்தூர், செஞ்சி’னு கத்துவான். அது காதுல வுழுந்தா, வள்ளி பக்கத்துலதான் இருக்கா, நெனச்சா போயிடலாம்னு இருக்கும். அப்பறந்தான் கொஞ்சமாவது கண்ணு சொருகும். அதயும் புடுங்கிட்டீங்க. இங்க கொண்டாந்து போட்டு, பேச வந்தவளயும் வெரட்டுனீங்க. ராவெல்லாம் என் நெஞ்சு அடிக்கிறதுதான் எனக்குக் கேட்டுது. இதோ, இந்த ஜனம் வந்தப்பறந்தான் நான் தூங்குறேன். நான் வரலங்க.”

“கையெழுத்துப் போட்டாச்சும்மே” என்றார் மண்ணாங்கட்டி. பாவி மனுஷன், அந்த இடத்திலாவது இறங்கி வந்திருக்கலாம். “தெரியாம போச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லையே! ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று அவளையே திட்டினார். பந்தலில் சாப்பிட நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டை ஒப்படைக்கிற அன்று சாமான்கள் மினி லாரியில் ஏறின. பாஞ்சாலை தன் அடுப்பையும் பாத்திரங்களையும் தனியாக எடுத்துக்கொண்டு, வேடியப்பன் வீட்டில் மாட்டுக் கொட்டகையைத் தடுத்துக் கொடுத்த அறைக்குப் போய்விட்டாள். லாரி டிரைவர், “அம்மா ஏறலையா?” என்று கேட்டான். “அது பின்னால வரும், நீ எடு” என்றார் மண்ணாங்கட்டி. மலை அடிவாரத்து ஊரிலும் அதையே சொன்னார். சம்சாரம் அடுத்த மாசம் வருது என்றார். பொங்கலுக்கு வருது என்றார். அங்கே இருந்தவர்கள் மரியாதைக்குக் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு, அப்புறம் கேட்கவில்லை. யாரும் எதுவும் கேட்காத இடமாகத்தானே தேடிப் போனார்? கிடைத்துவிட்டது.

அந்த ரூட்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த கண்ணாயிரம் பழைய பழக்கம். டைம் கீப்பர் என்ற மரியாதை இன்னும் வைத்திருந்தவர். பௌர்ணமிக்கு அவரை ஸ்பெஷல் பஸ்ஸில் போடுவார்கள். அடி அண்ணாமலையில் சுக்கு காபி குடிக்காமல் வரமாட்டார். இரண்டாயிரத்து ஒன்று ஐப்பசியில் மண்ணாங்கட்டி காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தார். அதைக் கண்ணாயிரம் பாஞ்சாலையிடம் போய்ச் சொன்னார். அவள் ஒரு டப்பாவில் சுக்குப் பொடி போட்டு, “கூட்டம் ஜாஸ்தியா இருக்குதுண்ணே, இத குடுத்துடுங்க” என்று அனுப்பினாள்.

சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்ணாயிரம் இறங்கி வந்து டப்பாவைக் கொடுத்தார். மண்ணாங்கட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு, “எப்படி இருக்கா?” என்று கேட்டார்.

“சூப்பரா இருக்காங்கய்யா! நல்லா சதை போட்டு, ஆளே மாறிட்டாங்க. படுத்தா இடி வுழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்களாம், கஸ்தூரியம்மா சொல்லிச் சிரிக்குறாங்க” என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார் கண்ணாயிரம்.

இந்த ஒரு சேதியைக் கேட்கத்தான் வேலையை விட்டார், வீட்டை விற்றார், நிலம் தேடி அலைந்தார். பஸ் போன பிறகும் மண்ணாங்கட்டி ரோட்டிலேயே நின்றிருந்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். பக்கத்தில் வீடு கிடையாது.