கேட்டு வாங்கிய பெயர்

சால்வோர் தன் தம்பி மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "டேய் குட்டி" என்பாள், "பயலே" என்பாள். கடலில் போன இன்னொரு தம்பியின் பெயராயிற்றே, சொல்ல நாக்கு எழவில்லை, பாவம் என்று ஊர் இரக்கப்பட்டது. ஊருக்கென்ன தெரியும்!

ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில், மீன் வெட்டும் கொட்டகையில் இருபது வருஷம் கத்தி பிடித்தவள் அவள். ஒரே படகில் போன இரண்டு பேர் திரும்பவில்லை. ஒருவன் அவளுடைய கடைசித் தம்பி ஹால்வர்த். மற்றவன் ஆஸ்முண்ட், அவளுடைய மூத்த தம்பியின் மனைவி ஸ்டெய்னுன்னுக்கு உடன்பிறந்தவன். ஹால்வர்த் என்றால் பாறையைக் காப்பவன். ஆஸ்முண்ட் என்றால் தெய்வத்தின் காவல். கடல் அர்த்தம் பார்த்தா விழுங்குகிறது?

ஸ்டெய்னுன் உண்டானபோது, பையன் பிறந்தால் ஆஸ்முண்ட்தான் என்று பேச்சு. சால்வோருக்கு வயிறு எரிந்தது. தன் தம்பிக்குக் கல்லறைகூட இல்லை, பெயராவது மிஞ்ச வேண்டாமா? ஆஸ்முண்டுக்கும் கல்லறை இல்லை என்பது அன்று அவளுக்கு உறைக்கவில்லை. ஒருநாள் காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டாள்.

"ராத்திரி ஹால்வர்த் கனவுல வந்தான். சொட்டச் சொட்ட வாசல்ல நின்னு, 'என் பேரு எங்க?'ன்னு கேட்டான்."

செத்தவர் கனவில் வந்து பெயர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது. ஸ்டெய்னுன்னின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பெயரையும் சேர்த்து வைக்கலாமே என்றான் தம்பி. ஸ்டெய்னுன்னின் அப்பா தோர்லாக் ஒப்பவில்லை.

"கேட்டு வந்தவனுக்குப் பங்கு போட்டா குடுக்கிறது? என் பையன் கேக்கலையே. விடுங்க."

ஞானஸ்நானத்தன்று பாதிரியார் பெயர் கேட்டார். "ஹால்வர்த்" என்றாள் ஸ்டெய்னுன். சால்வோரின் சந்தோஷம் கேக் வெட்டும்வரைதான். தோர்லாக் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காத. கனவுல அவன் வந்தப்போ தனியாவா வந்தான்?"

"ஏன் மாமா?"

"பின்னாடி யாராச்சும் நின்னாங்களான்னு கேக்கறேன். ஒரே படகுல்ல! நாலு வருஷமா ஒருநாள்கூட என் பையன் என் கனவுல வரல. அன்னிக்கு நான்தான் கடலுக்குப் போடான்னு விரட்டினேன். அந்தக் கோவமோ என்னவோ."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவளும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது இன்னொரு பொய்.

"நின்னான் மாமா. சிரிச்சுக்கிட்டு நின்னான்."

கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

இன்றும் தெருவில் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். "அத்தைக்கு முத்தம் குடுடா, அவதான் உன் பேரைக் கொண்டாந்து குடுத்தா" என்று பேரனை முன்னால் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"என் பையன் மறுபடி வந்தானா?"

"இல்ல மாமா."

அவரிடம் அவள் சொல்லும் ஒரே உண்மை அது. பிறகு குனிந்து, "வாடா குட்டி" என்பாள்.